பிறர் துயரைப் படித்த வகுப்பறை: புதுக்கோட்டையில் ஆங்கில நாவல்

மாணவனின் மனத்தைப் பண்படுத்தும் என்ற நம்பிக்கையோடுதான் ஆங்கில நாவல் தமிழ்நாட்டுப் பள்ளிக்கூடத்துக்குள் நுழைந்தது. மதராஸ் பல்கலைக்கழகம் 1857ல் தொடங்கியது. அதே ஆண்டு, ராஜா ராமச்சந்திர தொண்டைமான் ஆண்ட புதுக்கோட்டை சமஸ்தானத்தில் மகாராஜா இலவசப் பள்ளி என்ற பெயரில் ஒரு பள்ளி பிறந்தது. அது உயர்நிலைப் பள்ளியாகி, நூற்றாண்டு முடிவதற்குள் மகாராஜா கல்லூரி என்ற பெயரில் பல்கலைக்கழகத்தோடு இணைந்த இரண்டாம் நிலைக் கல்லூரியுமானது. புதுக்கோட்டைக்காரர்கள் இன்று மன்னர் கல்லூரி என்று சொல்வது அதைத்தான். மாவட்டத்தில் ஆங்கில இலக்கியக் கல்வியின் கதை அங்கிருந்து புறப்படுகிறது.

இந்த வளர்ச்சிக்குப் பின்னால் இருந்தவர் 1878 முதல் 1894 வரை திவானாக இருந்த அ. சேஷையா சாஸ்திரி. நகரத்தின் தெருக்களையும் அரசு அலுவலகங்களையும் திருத்தி அமைத்தவர் என்றே அவரை ஊர் நினைவில் வைத்திருக்கிறது. கல்வியில் அவர் காட்டிய அக்கறைக்கு வேர் சென்னையில் இருந்தது. 1841ல் அங்கே திறக்கப்பட்ட உயர்நிலைப் பள்ளியில் ஈ.பி. பவல் என்ற ஆங்கிலேய ஆசிரியரிடம் படித்த முதல் தலைமுறை மாணவர்களில் அவர் ஒருவர். திருவிதாங்கூரை நிர்வகித்த டி. மாதவ ராவும் மைசூர் திவான் ரங்காசார்லுவும் அதே பவலின் மாணவர்களே. ஷேக்ஸ்பியரையும் மில்டனையும் வகுப்பில் வரிவரியாகப் படித்தவர்கள் சமஸ்தானங்களின் நிர்வாகத்துக்கு வந்தபோது, அந்தப் படிப்பையும் கூடவே கொண்டுவந்தார்கள். சேஷையா சாஸ்திரியின் வாழ்க்கை வரலாற்றை 1902ல் ஆங்கிலத்தில் எழுதிய பி.வி. காமேசுவர ஐயர் புதுக்கோட்டைக் கல்லூரியின் ஆசிரியர். சமஸ்தானத்தின் வரலாற்றை 1916ல் ஆங்கிலத்தில் எழுதி வெளியிட்ட எஸ். ராதாகிருஷ்ண ஐயர் அக்கல்லூரியின் முதல்வர். சிறிய ஊர்தான்; ஆனால் ஆங்கிலத்தில் புத்தகம் எழுதும் ஆசிரியர்கள் அங்கே இருந்தார்கள்.

இலக்கியம் ஏன் பாடமானது என்பதற்கு ஓர் அரசியல் காரணமும் உண்டு. கம்பெனி அரசு பள்ளியில் பைபிளைப் பாடமாக வைக்கத் தயங்கியது. மக்கள் கொதித்தெழுவார்கள் என்ற அச்சம் அதற்கு இருந்தது. அறத்தைச் சொல்லித்தர வேண்டும், ஆனால் சமயத்தைத் தொடக்கூடாது என்ற இக்கட்டில், அந்த இடத்தை இலக்கியத்துக்குக் கொடுத்தார்கள். கௌரி விஸ்வநாதன் 1989ல் வெளியிட்ட ஆய்வு நூல் இதை விரிவாக நிறுவியது. ஆக்ஸ்போர்டில் ஆங்கில இலக்கியம் தனிப் பட்டப்படிப்பாக வந்தது 1890களில்தான். அதற்குப் பல பத்தாண்டுகளுக்கு முன்பே இந்திய மாணவர்கள் அதைத் தேர்வுக்குப் படித்துக்கொண்டிருந்தார்கள். ஆங்கிலம் படித்தவர்க்கே அரசு வேலையில் முன்னுரிமை என்று கவர்னர் ஜெனரல் ஹார்டிங் 1844ல் அறிவித்தபின், அறத்துக்கென்று வைத்த பாடம் பிழைப்புக்கான பாடமாகவும் ஆனது. இந்த இரட்டை வேடத்திலிருந்து ஆங்கிலப் பாடம் இன்றுவரை மீளவில்லை.

அக்காலத்தில் அந்த அறத்துக்கு ஐரோப்பியர் வைத்த பெயர் ‘சிம்பதி’. ஆடம் ஸ்மித் 1759ல் எழுதிய அறவியல் நூல், பிறருடைய நிலையில் தன்னை வைத்துப் பார்க்கும் கற்பனையே ஒழுக்கத்தின் அடிப்படை என்றது. கலையின் பெரும் பயன் மனிதர் பிறர்பால் கொள்ளும் பரிவை விரிப்பதே என்று நாவலாசிரியை ஜார்ஜ் எலியட் 1856ல் ஒரு கட்டுரையில் வாதிட்டார். இன்று கல்வியாளர்கள் சொல்லும் ‘எம்பதி’ என்ற சொல் பிறகு வந்தது. ஜெர்மன் சொல் ஒன்றுக்கு ஈடாக உளவியலறிஞர் டிட்செனர் 1909ல் அதை ஆக்கினார். தமிழில் ஒத்துணர்வு என்கிறோம். சொல்தான் புதிது. பிறர் நோயைத் தன் நோயாகக் கருதாத அறிவினால் என்ன பயன் என்ற கேள்வியைத் தமிழ் மாணவன் திருக்குறளில் ஏற்கெனவே படித்திருந்தான். நாவல் அதைச் சூத்திரமாகச் சொல்லாமல், முந்நூறு பக்கம் இன்னொருவரோடு வாழவைத்துக் காட்ட முயன்றது.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் இந்தியப் பள்ளி, கல்லூரிகளில் பரவலாகப் படிக்கப்பட்ட நாவல் ஆலிவர் கோல்ட்ஸ்மித்தின் ‘தி விகார் ஆஃப் வேக்ஃபீல்ட்’. 1766ல் வெளிவந்தது. சொத்தை இழந்த ஒரு கிராமத்துப் பாதிரியாரின் குடும்பக் கதை அது. அவருடைய மூத்த மகள் ஒலிவியா ஒரு பண்ணைச் சீமானின் பொய்த் திருமணத்தில் ஏமாந்து போகிறாள். ஊர் அவளைக் கெட்டவள் என்கிறது. தாய் சுடுசொல் பேசுகிறாள். தகப்பனோ அவளைத் தேடிக் கண்டுபிடித்து வீட்டுக்கு அழைத்துவந்து, தன் மகள் தன் மகளே என்று நிற்கிறார். மானம் போன பெண்ணுக்கு வீட்டில் இடமுண்டா என்ற கேள்வி இந்திய வாசகனுக்கு அந்நியமாக இருந்திருக்க முடியாது. இந்த நாவலின் தாக்கத்தில் ஆந்திராவில் கந்துகூரி வீரேசலிங்கம் ‘ராஜசேகர சரித்திர’த்தை எழுதினார். அவரும் பள்ளி ஆசிரியர். விதவை மறுமணத்துக்காகப் போராடியவர். படித்த கதையைத் தன் வாழ்க்கைக்கும் கொண்டுபோன ஆசிரியருக்கு அவர் நல்ல உதாரணம்.

ஆனால் வகுப்பறையில் நாவல் நடத்தப்பட்ட முறை வேறு. கடினச் சொல்லுக்குப் பொருள், வாக்கியத்தைப் பிரித்து இலக்கணம் சொல்லல், பத்தியை வேறு சொற்களில் திருப்பி எழுதல், குறிப்புகளை மனப்பாடம் செய்தல் என்று அது நகர்ந்தது. ஒலிவியா ஏன் அழுதாள் என்ற கேள்வி தேர்வில் வராது. அவள் அழுததைச் சொல்லும் வாக்கியத்தின் எழுவாய் எது என்பதே வரும்.

இந்த இடைவெளி எவ்வளவு ஆழமானது என்பதைப் புதுக்கோட்டையில் 1904ல் நடந்த நிகழ்ச்சி காட்டியது. முத்துலட்சுமி என்ற பதினெட்டு வயதுப் பெண் மகாராஜா கல்லூரியில் இடம் கேட்டார். 1886 ஜூலை 30ல் புதுக்கோட்டையில் பிறந்தவர். தந்தை நாராயணசாமி ஐயர் கல்வித் துறையில் பெயர் பெற்றவர். தாய் சந்திரம்மாள் இசை வேளாளர் குலத்தில், தேவதாசி மரபில் வந்தவர். வயதுக்கு வந்தபின் பள்ளிக்குப் போக வழியில்லாமல் வீட்டிலேயே படித்து மெட்ரிகுலேஷன் தேறியவர் முத்துலட்சுமி. ஆண்கள் மட்டும் படித்த கல்லூரியில் ஒரு பெண் நுழைவதற்கும், அதிலும் அவருடைய பிறப்பைக் காட்டியும் எதிர்ப்பு எழுந்தது. பையன்கள் கெட்டுப்போவார்கள் என்றார்கள். எதிர்த்தவர்கள் படிக்காதவர்கள் அல்லர். பரிவைப் போதிக்கும் இலக்கியம் நடக்கும் கல்லூரியின் வட்டத்திலேயே இருந்தவர்கள். கடைசியில் ராஜா மார்த்தாண்ட பைரவத் தொண்டைமான் தலையிட்டு அவருக்கு இடம் தந்தார். கதையில் வந்த ஒலிவியாவுக்கு இரங்குவது எளிது. பக்கத்துப் பெஞ்சில் வந்து உட்காரப்போகும் சந்திரம்மாளின் மகளுக்கு இரங்குவது அவர்களுக்குக் கடினமாக இருந்தது.

அந்தப் பெண் பிறகு மதராஸ் மருத்துவக் கல்லூரியில் படித்து 1912ல் டாக்டரானார். முத்துலட்சுமி ரெட்டியாக 1927ல் மதராஸ் சட்டசபைக்கு நியமிக்கப்பட்டு அதன் துணைத் தலைவரும் ஆனார். தேவதாசி முறையை ஒழிக்க அங்கே சட்ட முயற்சி எடுத்தார். அதே சபையில் அவரை எதிர்த்து வாதிட்டவர்களில் முதன்மையானவர் எஸ். சத்தியமூர்த்தி. அவரும் இந்தச் சமஸ்தானத்துக்காரர். திருமயத்தில் 1887ல் பிறந்து, அதே மகாராஜா கல்லூரியில் படித்தவர். ஆங்கிலப் பேச்சில் அவருக்கு இணை சொல்ல அன்று ஆள் குறைவு. விடுதலைப் போராட்டத்தில் சிறை சென்றவர். நாடகக் கலைஞர்களை மதித்து மேடையேறியவர். அப்படிப்பட்டவர் கோயிலுக்கும் கலைக்கும் உரிய மரபு என்று தேவதாசி முறைக்காகப் பேசினார். ஓர் ஊரில், ஒரே கல்லூரியில், அநேகமாக ஒரே காலத்தில் படித்த இருவர். ஒருவருக்கு அது தாயின் வாழ்க்கை. மற்றவருக்கு ஒரு வாதம். புத்தகம் படித்தாலே பிறர் துயர் புரிந்துவிடும் என்று நம்புகிறவர்கள் இந்த வரலாற்றைக் கணக்கில் எடுத்துக்கொள்ள வேண்டும்.

ஆங்கில வகுப்பு செய்யத் தவறியதை ஆங்கிலம் படித்தவர்கள் தமிழில் எழுதிய நாவல்கள் ஓரளவு செய்தன. மதராஸ் கிறிஸ்தவக் கல்லூரியில் படித்த அ. மாதவையா, 1903ல் நூலாக வந்த ‘முத்துமீனாக்ஷி’யில் ஒரு பிராமணப் பெண்ணையே தன் கதையைச் சொல்லவைத்தார். பால்ய விவாகமும் விதவைக் கோலமும் என்ன செய்யும் என்பதை அவள் வாயால் கேட்டபோது, தீர்ப்புச் சொல்லும் இடத்திலிருந்து வாசகன் இறங்கிவர நேர்ந்தது. தேவதாசி வாழ்க்கையை உள்ளிருந்தே கண்ட மூவலூர் ராமாமிர்தம் அம்மையார் 1936ல் ‘தாசிகள் மோசவலை’ நாவலை வெளியிட்டார். தேவதாசி ஒழிப்புச் சட்டம் மதராஸ் மாகாணத்தில் 1947ல் நிறைவேறியது. புதுக்கோட்டை சமஸ்தானம் மறு ஆண்டு, 1948 மார்ச்சில், இந்திய ஒன்றியத்தோடு இணைந்தது.

சத்தியமூர்த்தி குடும்பத்தின் கதைக்கு இன்னொரு திருப்பமும் உண்டு. அவருடைய மகள் லட்சுமி கிருஷ்ணமூர்த்தி 1960களில் தொடங்கிய ‘வாசகர் வட்டம்’ தமிழ் நாவலுக்குப் பெருமை சேர்த்த பதிப்பகம். கி. ராஜநாராயணனின் ‘கோபல்ல கிராமம்’ அதன் வெளியீடு. புதுக்கோட்டையை அடுத்த பெருங்களூரில் 1922ல் பிறந்த அகிலன், மலேசிய ரப்பர்த் தோட்டத் தமிழரின் வாழ்க்கையைப் ‘பால்மரக் காட்டினிலே’ நாவலாக்கினார். ‘சித்திரப்பாவை’க்காக 1975ஆம் ஆண்டின் ஞானபீட விருதைப் பெற்று, அவ்விருதை அடைந்த முதல் தமிழ் எழுத்தாளரானார்.

பள்ளிக்கூடத்தில் இதற்கிடையே நாவல் மெலிந்துகொண்டே வந்தது. அதற்குக் காரணமானவர் நல்லெண்ணம் கொண்ட ஓர் ஆசிரியர். மைக்கேல் வெஸ்ட் என்பவர் 1920களில் டாக்காவில் பணியாற்றியபோது, வங்காளத்துப் பையன்கள் பழைய ஆங்கிலப் பாடநூல்களில் சொற்களின் காட்டுக்குள் தவிப்பதைக் கண்டார். அடிக்கடி வரும் சொற்களை மட்டும் கொண்டு, படிப்படியாகக் கூட்டிச் செல்லும் வாசிப்பு நூல்களை உருவாக்கினார். அந்த முறையில்தான் டிக்கன்ஸும் ஸ்டீவன்சனும் நூறு பக்கச் சுருக்கங்களாக இந்தியப் பள்ளிகளுக்கு வந்தார்கள். தமிழ்நாட்டில் அதற்கு ‘நான்-டீடெயில்’ என்று பெயர் நிலைத்தது. வரிவரியாக நடத்த வேண்டாத துணைப்பாடம் என்பது பொருள்.

தமிழ் வழியில் படித்து, ஆங்கிலத்தை ஒரு பாடமாக மட்டும் சந்தித்த கிராமத்துப் பிள்ளைக்கு இந்தச் சுருக்கம் இல்லாமல் நாவலே கிடைத்திருக்காது. அந்த நன்மையை மறுக்கக்கூடாது. ஆனால் சுருக்குகிறவர் எதை வெட்டுகிறார்? நிகழ்ச்சியை வைத்துக்கொள்வார். பாத்திரம் தயங்கும் இடம், மழை பெய்யும் தெரு, ஒருவர் சொல்ல வந்து சொல்லாமல் விட்ட வார்த்தை இவையெல்லாம் போய்விடும். ‘ஆலிவர் ட்விஸ்ட்’ 1834ஆம் ஆண்டின் ஏழைச் சட்டத்தின் கொடுமையைச் சாட எழுதப்பட்டது. ஏழைகள் விடுதியில் பையன்கள் சீட்டுக் குலுக்கிப் போட்டு, அது யார் பெயருக்கு விழுந்ததோ அவனைக் கஞ்சி கேட்க அனுப்புகிறார்கள். பசி தாங்காத ஒருவன் பக்கத்தில் படுத்தவனையே தின்றுவிடுவேன் என்று மிரட்டியதால்தான் அந்தச் சீட்டு. இந்த விவரம் இருந்தால் ஆலிவரின் தைரியத்துக்குப் பின்னாலுள்ள பயம் புரியும். விட்டுவிட்டால், துணிச்சலாகக் கஞ்சி கேட்ட ஒரு பையன் மட்டும் மிஞ்சுகிறான். பிறர் மனத்துக்குள் போகும் வழி அந்த விவரங்களில்தான் இருந்தது.

இருந்தாலும் அந்தச் சுருக்கத்தை வைத்துக்கொண்டே வகுப்பைக் கட்டிப்போட்ட ஆசிரியர்கள் உண்டு. கடைசிப் பீரியடில் ஆங்கிலப் புத்தகத்தைக் கையில் பிடித்தபடி கதையைத் தமிழில் சொன்னவர்கள் அவர்கள். விதிப்படி ஆங்கில வகுப்பில் தமிழ் பேசக்கூடாது. அவர்கள் விதியை மீறியதால்தான் லண்டன் அனாதை புதுக்கோட்டைச் சீமைக்கு வந்து சேர்ந்தான். வானம் பார்த்த பூமி இது. கண்மாய் நிரம்பாத வருஷம் வீட்டில் உலை கொதிக்காது என்பது பிள்ளைகளுக்குத் தெரியும். காமராஜர் 1956ல் கொண்டுவந்த மதிய உணவும், எம்.ஜி.ஆர். 1982ல் விரிவாக்கிய சத்துணவும் எத்தனையோ பேரைப் பள்ளியில் நிறுத்திவைத்த மாவட்டத்தில், தட்டை நீட்டி இன்னும் கொஞ்சம் கேட்பதன் பொருளை உரைநூல் பார்த்து யாரும் தெரிந்துகொள்ள வேண்டியதில்லை. தேர்வுக்கு மட்டும் கடைகளில் விற்ற நோட்ஸிலிருந்து ஒரு பத்தியை மனப்பாடம் செய்தார்கள். கேட்ட கதையும் எழுதிய விடையும் வெவ்வேறாக இருந்தன.

கதையைக் கூடியிருந்து கேட்பதன் பலம் என்ன என்பதை, பள்ளிக்கு வெளியே, அறிவொளி இயக்கம் காட்டியது. மாவட்ட ஆட்சியர் ஷீலா ராணி சுங்கத்தும் தமிழ்நாடு அறிவியல் இயக்கமும் ஆயிரக்கணக்கான தொண்டர்களும் 1991ல் புதுக்கோட்டையில் தொடங்கிய எழுத்தறிவுப் பணி அது. கலைக்குழுக்களின் நாடகமும் பாட்டும் ஊர்ஊராகப் போயின. பகலெல்லாம் வயலிலும் கல்குவாரியிலும் உழைத்த பெண்கள் இரவில் விளக்கைச் சுற்றி உட்கார்ந்து படித்தார்கள். ஒருவர் வாசிக்க மற்றவர்கள் கேட்டு, கதையில் வந்தவளின் கஷ்டத்தைத் தங்கள் கஷ்டத்தோடு சேர்த்துப் பேசினார்கள். எழுத்தோடு சைக்கிளும் வந்தது. 1992 மகளிர் தினத்தில் 1,500க்கும் மேற்பட்ட பெண்கள் சைக்கிளில் ஊர்வலம் போனார்கள். பத்திரிகையாளர் பி. சாய்நாத் இதை ஆங்கிலத்தில் எழுதினார். அந்தக் கட்டுரையின் இந்தி வடிவம் மத்தியப் பாடத்திட்டத்தின் எட்டாம் வகுப்பு இந்திப் புத்தகத்தில் பல ஆண்டுகள் இருந்தது. புதுக்கோட்டைப் பெண்ணுக்குச் சைக்கிள் என்ன கொடுத்தது என்பதை வடநாட்டுப் பிள்ளைகள் பாடமாகப் படித்தார்கள்.

கதை பரிவைக் கற்பிக்குமா என்ற இதே கேள்வியோடு வெளிநாட்டு வகுப்பறைகளும் மல்லுக்கட்டி வந்திருக்கின்றன. அமெரிக்க உயர்நிலைப் பள்ளிகளில் ஒத்துணர்வுப் பாடமாக நெடுங்காலம் நடந்துவருவது ஹார்ப்பர் லீ 1960ல் எழுதிய ‘டு கில் எ மாக்கிங்பேர்ட்’. பொய்க் குற்றச்சாட்டில் சிக்கிய கறுப்பினத்தவருக்காக வாதாடும் வெள்ளை வழக்கறிஞரின் கதை, அவருடைய சிறுமகளின் பார்வையில். கறுப்பினத்தவரின் துயரத்தை வெள்ளையர் வழியாகவே காட்டுகிறது என்ற விமர்சனம் இப்போது வலுத்திருக்கிறது. முத்துலட்சுமியின் வரலாறு தெரிந்தவர்களுக்கு அந்த விமர்சனம் உடனே விளங்கும். இலக்கியக் கதை படித்தவர்கள் பிறர் மனநிலையை நன்றாக ஊகிக்கிறார்கள் என்று 2013ல் ‘சயின்ஸ்’ இதழில் வந்த ஆய்வு பெரிதாகப் பேசப்பட்டது. மீண்டும் செய்துபார்த்த பலருக்கு அந்த முடிவு கிடைக்கவில்லை. ஒரு கதையைக் கொஞ்ச நேரம் படிப்பது தன்னால் ஆளை மாற்றிவிடாது.

இந்தியாவில் சி.பி.எஸ்.இ. பாடத்திட்டம் சில ஆண்டுகள் ஆன் ஃபிராங்கின் நாட்குறிப்பையும் ஹெலன் கெல்லரின் சுயசரிதையையும் பத்தாம் வகுப்புக்கும், ‘சைலஸ் மார்னர்’ நாவலைப் பன்னிரண்டாம் வகுப்புக்கும் முழு நூலாக வைத்துப் பிறகு கைவிட்டது. தமிழ்நாட்டில் 2018க்குப் பின் வந்த புதிய பாடநூல்களில் முழு நாவல் இல்லை. துணைப்பாடத்தில் டால்ஸ்டாயின் சிறுகதை உண்டு, புதுச்சேரிப் பையனை நாயகனாகக் கொண்ட ‘லைஃப் ஆஃப் பை’யின் ஒரு பகுதி உண்டு, ரே பிராட்பரியின் ‘ஆல் சம்மர் இன் எ டே’ உண்டு. வெள்ளிக் கோளில் ஏழு ஆண்டுக்கு ஒருமுறை மட்டும் சூரியன் தெரியும் என்பது அந்தக் கதை. தங்களிலிருந்து வேறுபட்டவள் என்பதற்காக ஒரு சிறுமியை வகுப்புப் பிள்ளைகள் அலமாரி அறைக்குள் பூட்டிவைக்கிறார்கள். சூரியன் வந்து போன பிறகுதான் அவள் நினைவு அவர்களுக்கு வருகிறது.

இந்தக் கதையைப் படிக்கும் மாவட்டத்தில்தான் வேங்கைவயல் இருக்கிறது. 2022 டிசம்பரில், பட்டியலின மக்களின் குடிநீர்த் தொட்டியில் மனித மலம் கலக்கப்பட்டிருப்பது அங்கே தெரியவந்தது. அந்தத் தண்ணீரைக் குடித்த குழந்தைகளின் உடல்நலம் கெட்டிருந்தது. அடுத்த ஆண்டு நாங்குநேரியில் ஒரு மாணவரைச் சக மாணவர்களே சாதியின் பெயரால் வெட்டினார்கள். அதையடுத்து அமைக்கப்பட்ட நீதிபதி கே. சந்துரு குழு 2024 ஜூனில் அறிக்கை தந்து, பள்ளிகளில் சமத்துவத்தைக் கற்பிக்க வழிகள் சொன்னது. தனியாக ஒரு நீதிபோதனைப் பீரியட் வைப்பது நல்லதே. துணைப்பாடமாக ஏற்கெனவே கையில் இருக்கும் ஆங்கிலக் கதையும் அதே வேலைக்காகத்தான் நூற்றைம்பது ஆண்டுகளுக்கும் முன் வகுப்புக்குள் கொண்டுவரப்பட்டது.

அதற்கு வேண்டியவை பெரிய செலவுள்ளவை அல்ல. பள்ளிக் கல்வித் துறையின் வாசிப்பு இயக்கம் ‘நுழை’, ‘நட’, ‘ஓடு’, ‘பற’ என்று படிநிலை வைத்துச் சிறு தமிழ் நூல்களை அரசுப் பள்ளிகளுக்குத் தந்திருக்கிறது. புதுக்கோட்டை நகரிலேயே ஓர் ஆசிரியர் தம் மனைவியோடு வாழ்நாளெல்லாம் சேர்த்து, லட்சத்தைத் தாண்டிய நூல்களோடு அமைத்த ‘ஞானாலயா’ நூலகம் இருக்கிறது. பழைய நாவல்களின் முதற்பதிப்புகளை மாணவர்கள் அங்கே கண்ணால் பார்க்கலாம். மாவட்டத்தின் ஆங்கில ஆசிரியர்கள் வாரத்தில் ஒரு பீரியடைத் துணைப்பாடத்துக்கு முழுதாகக் கொடுக்கட்டும். கதையை உரக்க வாசித்து, தமிழில் பேசவிடட்டும். பிராட்பரியின் கதை முடிந்ததும், அலமாரியைப் பூட்டிய பிள்ளைகளில் ஒருவராக இருந்து உள்ளே இருந்தவளுக்கு ஒரு கடிதம் எழுதச் சொல்லட்டும். அந்தக் கடிதத்துக்கு மார்க் போட வேண்டாம்.